பத்து வயது மகளுக்குக் காலையும் மாலையும் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி: சம்மதிக்கலாமா?

கோவையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குப் பத்து வயது. ஆறு வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள், மாவட்டப் போட்டியில் பீமில் (நீண்ட, குறுகிய கட்டைமேல் வித்தை செய்யும் பிரிவு) பதக்கமும் வாங்கியிருக்கிறாள். இதுவரை மாலையில் மட்டும் பயிற்சி. இப்போது கோச் காலையிலும் வரச் சொல்கிறார், கூடவே எடையையும் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். பாட்டியோ, இப்படிக் குதித்துக்கொண்டே இருந்தால் பெண் வளரவே மாட்டாள், வயசுக்கு வருவதும் தள்ளிப்போகும் என்கிறார். மகள் அவ்வப்போது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். சரி, இரண்டு நாள் போகாதே என்றால் அழுகிறாள். காலைப் பயிற்சிக்குச் சம்மதிக்கலாமா என்று கேள்வி முடிகிறது. ஆனால் அந்த அம்மாவின் மனதில் இருப்பது இதைவிடப் பெரிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: மகளின் ஆசைக்குத் துணை நிற்கிறேனா, இல்லை அவள் உடம்பு கெட நானும் காரணமாகிறேனா, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

நான் விளையாட்டு பிசியோதெரபிஸ்ட். பல வருடங்களாக என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் நிறைய. கோச் இல்லை என்பதால் உங்கள் மகளின் திறமையைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். பத்து வயதுக் குழந்தை நேஷனல் வரை போவாள் என்றோ போக மாட்டாள் என்றோ யார் அடித்துச் சொன்னாலும், அந்தப் பேச்சை நம்பிப் பெரிய முடிவு எடுக்காதீர்கள். காலைப் பயிற்சி பற்றி என் பதில்: இப்போது வேண்டாம். மணிக்கட்டை மருத்துவர் பார்க்கும்வரை மாலையிலும் கையை ஊன்றி எதுவும் செய்ய வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் அவசரமானது அந்த வலிதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைக்கு அருகே ஒரு மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு இருக்கும். எலும்பு நீளுவது அங்கேதான். வளர்ச்சித் தட்டு என்பார்கள். சுற்றியுள்ள எலும்பையும் தசைநாரையும்விட அது பலவீனமானது. மற்ற விளையாட்டுகளில் பெரும்பாலும் கால்தான் உடம்பைத் தாங்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் கார்ட்வீல் (பக்கவாட்டில் சக்கரம்போல் சுழல்வது), ஹேண்ட்ஸ்டாண்ட் (தலைகீழாகக் கையில் நிற்பது), பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னால் பாய்ந்து கையில் இறங்கி எழுவது), வால்ட்டில் ஓடி வந்து மேசையில் கை ஊன்றி எழும்புவது என்று எல்லாவற்றிலும் கையும் தாங்க வேண்டும். அதுவும் மணிக்கட்டு முழுக்கப் பின்னால் மடங்கிய நிலையில், சில அசைவுகளில் உடல் எடையின் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு மாலையில் எத்தனை தடவை கை தரையில் மோதுகிறது என்று நீங்களே ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். முந்தைய அழுத்தம் ஆறுவதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது என்று போகும்போது கட்டை விரல் பக்கத்து எலும்பின் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படுகிறது. ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு என்றே இதற்குப் பெயர். விழுந்து அடிபட்டதாக எதுவும் இருக்காது, வீக்கமும் பல நேரம் தெரியாது. அதனால் வீட்டிலும் பயிற்சிக்கூடத்திலும் சாதாரண வலி என்று விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் இப்படிப் பாருங்கள். அவள் கையை மேசைமேல் குப்புற வைத்து, கட்டை விரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளி மெதுவாக அழுத்துங்கள். இரண்டு கையிலும் செய்து, எதில் முகம் சுளிக்கிறாள் என்று கவனியுங்கள். அப்புறம் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு உள்ளங்கையையும் இருக்கையில் ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லுங்கள். வலித்தால் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் போங்கள். விளையாட்டு மருத்துவம் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு வலிக்கவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது. பயிற்சியின்போது வந்து ஓய்வில் போகும் வலி இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலே காட்ட வேண்டும். பெரும்பாலும் எக்ஸ்ரே எடுப்பார்கள், ஒப்பிட மறு கைக்கும் எடுக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், அப்போது எம்ஆர்ஐ தேவைப்படும். பாதிப்பு உறுதியானால் வழக்கமாகக் குறைந்தது ஆறு வாரம் கையில் எடை தாங்கக் கூடாது. சிலருக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் சீக்கிரம் நிறுத்திய பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு முழுதாகச் சரியாகிவிடுகிறது. நிறுத்தாமல் போனால் தட்டு முன்கூட்டியே மூடி அந்த எலும்பின் வளர்ச்சி நின்றுவிடலாம். பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனால் மணிக்கட்டு நிரந்தரமாகக் கோணலாகும். ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினால் வலி தெரியாமல் போகும், பாதிப்பு வளர்ந்துகொண்டிருக்கும்.

கீழ் முதுகு வலியையும் இதே அளவுக்குக் கவனியுங்கள். பின்னால் வளையும்போது ஒரு பக்கமாகக் கீழ் முதுகு வலித்தால், முதுகெலும்பில் அழுத்தத்தால் வரும் மெல்லிய முறிவாக இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதில் வாய்வுப் பிடிப்பு என்று விடக் கூடாது. குதிகால் வலியும், முழங்காலுக்குக் கீழே முன்பக்க வலியும் இந்த வயதில் அடிக்கடி வரும். அவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை, குதிப்பதைக் கொஞ்ச நாள் குறைத்தால் அடங்கும். நான் உங்கள் மகளைப் பார்க்காமல் எழுதுகிறேன், ஆகவே இதை நோய் கண்டறிதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அவள் அழுகிறாள் என்றீர்களே, அதற்கு வருகிறேன். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் வலியை மறைப்பதில் தேர்ந்தவர்கள். உள்ளங்கையை விரித்துப் புஷ்-அப் எடுக்காமல் முஷ்டியை மடக்கி எடுப்பார்கள், கேட்டால் இதுதான் எனக்குப் பிடிக்கும் என்பார்கள். தண்ணீர் பாட்டிலின் மூடியை வழக்கமில்லாத கையால் திறப்பார்கள். ஃப்ளோர் (தரை விரிப்பில் செய்யும் வித்தைகள்) முறை வரும்போது பாத்ரூம் போய்விட்டு வருவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. வலி என்று சொன்னால் எதையோ இழக்கிறோம் என்று அனுபவத்தில் கண்டிருப்பார்கள்: அணியில் இடம், கோச்சின் முகம், அம்மா கட்டிய ஃபீஸ், தோழிகளோடு இருக்கும் மூன்று மணி நேரம். உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், அது பெரிய விஷயம். ஆனால் சொன்னதற்குக் கிடைத்தது "போகாதே" என்ற பதில். அடுத்த தடவை சொல்லத் தயங்குவாள். ஆகவே "போ, ஆனால் கையை ஊன்றாதே" என்று மாற்றிச் சொல்லுங்கள். கையே படாமல் செய்யப் பயிற்சிக்கூடத்தில் எவ்வளவோ இருக்கிறது: பீமில் நடை, திரும்புதல், லீப் எனும் தாவல், ஃப்ளோர் ரொட்டீனின் நடனப் பகுதி, பெட்டியிலிருந்து குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் நிற்கப் பழகுவது, வயிற்றுத் தசைக்கும் காலுக்குமான பயிற்சிகள். கையில் காயத்தோடு வந்து, தரையிறங்கும் முறையைத் திருத்திக்கொண்டு திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். துணையா கெடுதலா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: நீங்கள் செய்கிற ஒரு காரியத்தால் அவள் உங்களிடம் வலியைச் சொல்வது சுலபமாகிறதா, கஷ்டமாகிறதா? ஃபீஸ், மதிப்பெண், சாப்பாடு, கோச்சோடு பேசுவது எல்லாவற்றையும் இதை வைத்துப் பாருங்கள்.

பயிற்சி நேரம். கோச் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: நெகிழ்வும் சமநிலையும் சின்ன வயதில் சுலபமாக வரும், இந்த விளையாட்டை மற்றவற்றைவிடச் சீக்கிரம் தொடங்கத்தான் வேண்டும். இதை மறுக்க மாட்டேன். ஆனால் எத்தனை மணி நேரம் என்பதற்கு ஜிம்னாஸ்டிக்ஸுக்கென்று முடிவான எண் எதுவும் கிடையாது. பல விளையாட்டுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், வாரப் பயிற்சி மணிகள் வயதின் எண்ணைத் தாண்டும்போது அதிகப் பயன்பாட்டால் வரும் காயங்கள் கூடியிருந்தன. தீவிரமாகப் பயிற்சி தரும் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் அந்த எண்ணைத் தாண்டாத கூடம் அபூர்வம். நான் அதைச் சட்டமாகச் சொல்வதில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். காலை இரண்டு, மாலை மூன்று, வாரம் ஆறு நாள் என்றால் முப்பது மணி நேரம், பத்து வயதில். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, முடிந்தால் இரண்டு, வருடத்தில் சில வாரங்கள் வேறு விளையாட்டு என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூக்கமும் அப்படித்தான். இந்த வயதில் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தேவை. இரவு எட்டரைக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் பத்தரைக்குப் படுத்து, காலை ஐந்துக்கு எழுந்தால் கணக்கு உதைக்கிறது.

அவசரமும் இல்லை. சர்வதேச சீனியர் பெண்கள் போட்டியில் இறங்க அந்த ஆண்டுக்குள் பதினாறு வயது நிறைய வேண்டும். 1997 முதல் அதுதான் விதி. அகர்தலாவின் தீபா கர்மாகரும் ஆறு வயதில்தான் தொடங்கினார். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் 15.066 எடுத்து, 0.150 புள்ளியில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தபோது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டே முழங்கால் தசைநாருக்கு அறுவை சிகிச்சை, பிறகு நீண்ட இடைவெளிகள். 2024-ல் தாஷ்கண்டில் ஆசியச் சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம் வாங்கியபோது வயது 30. உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா டோக்கியோவில் தன் எட்டாவது ஒலிம்பிக்கில் ஆடியபோது 46. எல்லோருக்கும் இது வாய்க்காது. ஆனால் பத்து வயதில் ஆறு வாரம் நின்றால் எல்லாம் போச்சு என்று யாராவது சொன்னால் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் பயத்துக்குப் பதில். ஜிம்னாஸ்ட்டுகள் குள்ளமாக இருப்பது உண்மை, ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் அவர்களைக் குள்ளமாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. 2013-ல் துறை வல்லுநர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, பயிற்சியால் இறுதி உயரம் குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னார்கள். உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு சுலபம், அவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்; பெற்றோரும் பெரும்பாலும் குள்ளமாகவே இருப்பார்கள். அதே ஆய்வாளர்கள், மிகத் தீவிரப் பயிற்சியைப் பிரித்துப் பார்க்கப் போதிய தரவு இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். அரை வயிறு சாப்பிட்டுக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்யும் பிள்ளையின் வளர்ச்சி தடைபடும் என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது எளிது: கதவு நிலையில் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து தேதி எழுதுங்கள். பருவம் அடைவதற்கு முன் வருடத்துக்குச் சுமார் 5 செ.மீ. வளர வேண்டும், 4-க்குக் கீழே போனால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று வேகமாக வளரும் மாதங்களில் காயம் அதிகம் வரும், தெரிந்த வித்தைகளே தடுமாறும். அந்தச் சமயத்தில் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக் கோச்சிடம் கேட்க அந்தக் கோடுகள் உதவும்.

எடையைக் குறை என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னதை நான் ஏற்கவே மாட்டேன். இந்த வயதில் வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ ஏறத்தான் வேண்டும், ஏறாவிட்டால்தான் கவலை. செலவாகும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாத விளையாட்டுக்காரர்களுக்கு எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாமே பாதிக்கப்படும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் எழுதி, பிறகு இரண்டு முறை விரிவாக்கியிருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழமோ கேழ்வரகு அடையோ கொடுங்கள். நடுவில் கடலை மிட்டாய், தண்ணீர். முடிந்து வந்ததும் சாதம், பருப்பு, முட்டை, தயிர், காய். சைவம் என்றால் சுண்டலையும் பாலையும் கூட்டுங்கள். எண்ணெயைக் கண்டு பயப்பட வேண்டாம். கூடத்துக்குள்ளேயே இருக்கும் பிள்ளை என்பதால் வைட்டமின் டி-யையும், கூடவே ரத்தத்தில் இரும்புச் சத்தையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். புரோட்டீன் பவுடர், மூலிகை மாத்திரை எதுவும் வேண்டாம். தீபா கர்மாகரே, தெரியாமல் உடலில் சேர்ந்ததாகச் சொன்ன ஹைஜெனமைன் என்ற தடை செய்யப்பட்ட பொருளால் 21 மாதத் தடையில் இருந்தார். எடை பற்றிய பேச்சு அவள் காதில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்திலும்கூட. கோச்சிடம், அவள் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள் சார் என்று நேராகவே கேளுங்கள்.

வயசுக்கு வருவது ஜிம்னாஸ்ட்டுகளுக்குச் சற்றுத் தாமதமாவது உண்டு. பதிமூன்று வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, பதினைந்தாகியும் வயசுக்கு வரவில்லை, வந்த பிறகு மூன்று மாதம் தொடர்ந்து பீரியட்ஸ் நின்றுபோனது, இந்த மூன்றில் எது நடந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். இன்னொன்று, வயசுக்கு வந்ததும் லியோடார்ட் (உடம்போடு ஒட்டிய, கால் மூடாத உடை) போடக் கூச்சப்பட்டு நிறுத்திவிடும் பெண்கள் நம் ஊரில் அதிகம். கணுக்கால் வரை மூடும் உடை சர்வதேச விதியிலேயே அனுமதி உள்ளது; ஜெர்மனிப் பெண்கள் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அப்படித்தான் ஆடினார்கள். இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள்.

கோச் குரலை உயர்த்துவது வேறு, அவமானப்படுத்துவது வேறு. பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸில் நடந்த கொடுமைகள் பற்றி 2022-ல் வெளிவந்த ஒயிட் விசாரணை அறிக்கைக்கு 400-க்கும் மேற்பட்டவர்கள் எழுதியிருந்தார்கள். காயத்தோடு பயிற்சி செய்யவைத்தது, அழ அழ உடலை இழுத்து வளைத்தது, தண்ணீரும் சாப்பாடும் கழிப்பறையும் மறுத்தது என்று அதில் உள்ள பட்டியலை வாசித்தால் நெஞ்சு கனக்கும். ஸ்பிளிட்டில் (இரண்டு காலையும் எதிரெதிராக நேராக விரித்து) உட்காரவைத்து மேலே ஏறி அழுத்துவதை நம் ஊரிலும் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரணமில்லை, நிறுத்தச் சொல்லுங்கள். தொடுகை விஷயத்தில் இன்னும் தெளிவு வேண்டும். இந்த விளையாட்டில் கோச் கை கொடுத்துத் தாங்கத்தான் வேண்டும்: இடுப்பு, முதுகு, தொடையின் பின்பக்கம். எந்த வித்தைக்கு எங்கே தாங்குவார்கள் என்று கோச்சையே மகள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். அதற்கு வெளியே எது நடந்தாலும், யார் செய்தாலும், உங்களிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க அணியின் மருத்துவர் லாரி நாசர் சில பெண்களைப் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே சீரழித்தார். 2018-ல் 150-க்கும் மேற்பட்ட பெண்களின் சாட்சி வாக்குமூலத்துக்குப் பிறகு அவருக்கு 40 முதல் 175 ஆண்டு சிறை கிடைத்தது. பிசியோதெரபிஸ்ட்டாகச் சொல்கிறேன், என்னைப் போன்றவர்களையும் கண்மூடி நம்பாதீர்கள்: மூடிய அறையில் தனியே சிகிச்சை கூடாது, எதற்காக எங்கே கை வைக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யாரோடு எந்த அறையில் தங்குகிறாள் என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்.

ஒருநாள் அவள் திடீரென்று பேக் ஹேண்ட்ஸ்பிரிங் செய்ய மறுக்கலாம், நேற்றுவரை சர்வ சாதாரணமாகச் செய்ததை. பயந்தாங்கொள்ளி என்று திட்டவும் வேண்டாம், செய்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஆசைகாட்டவும் வேண்டாம். காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பினால் தலையில் விழுவார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் அதனால்தான் அணி இறுதிச் சுற்றின் நடுவில் விலகினார், மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். சுலபமான வித்தைக்குத் திரும்பிப் போய் மெல்ல ஏறி வர வேண்டும். போட்டி முடிந்து வண்டியில் வரும்போது மதிப்பெண்ணைப் பேசாதீர்கள். பீமிலிருந்து விழுந்தால் ஒரு முழு மதிப்பெண் போகும் என்பது உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

கோச்சைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலோர் பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி அவர் கையில் கொடுங்கள். வாயால் சொன்னது பயிற்சி நடுவில் மறந்துபோகும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் கை வேலையைப் படியாக ஏற்ற வேண்டும்: முதலில் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அப்புறம் முட்டி போட்டுத் தரையில், பிறகு ஹேண்ட்ஸ்டாண்ட், கார்ட்வீல், கடைசியில்தான் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கும் வால்ட்டும். எந்தப் படியில் வலி வந்தாலும் ஒரு படி இறங்கி ஒரு வாரம் இருங்கள். இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் வலியில்லாமல் போன பிறகு காலைப் பயிற்சியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வாரத்தில் ஒரு காலை போதும், ஞாயிறு முழு ஓய்வு, அதுவும் அவளாக வந்து கேட்டால் மட்டும்.